பழைய மைஃபோர்ட் லேத்: பெயின்டுக்கல்ல, பெட்டுக்குத்தான் விலை

ஒரு காலத்தில் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போன சின்ன லேத்துகளுக்கு (கடைசல் மெசின்) இன்று கொழும்புப் பஞ்சிகாவத்தை தொடக்கம் கல்முனை வரை கேட்கிற விலையே வேறு. மைஃபோர்ட் எம்.எல்.7 சந்தைக்கு வந்தது 1946இல். அதைச் செய்த இங்கிலாந்தின் பீஸ்டன் தொழிற்சாலை 2011இல் மூடியது. 2020இல் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது. புதுச் சீன லேத்தின் விலை ஏற, பழையதும் அதன் பின்னால் ஏறிவிட்டது.

விலை ஏறியது தப்பில்லை. தேய்ந்த மெசினுக்கும் தேயாத மெசினுக்கும் ஒரே விலை சொல்வதுதான் தப்பு. எம்.எல்.7 ஒன்றை மட்டக்களப்பில் வீட்டுக் கொட்டிலுக்குள் வேலை செய்ய வைத்தபோது அளந்ததும் திருத்தியதும் கீழே.

முதலில் பெட், அதாவது லேத்தின் நீள அடித்தண்டவாளம். அதன்மேல் வெட்டுக் கருவியைச் சுமந்து ஓடுகிற சேடிலை, வேலைத் துண்டைப் பிடிக்கிற சக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, ஆட்டம் இல்லாமல் ஆனால் கையால் தள்ளினால் நகரும்படி ஜிப் ஸ்க்ரூக்களை (சேடிலின் இடைவெளியைச் சரிசெய்கிற திருகுகள்) இறுக்க வேண்டும். பிறகு மறு அந்தத்தில் தடியைத் தாங்குகிற டெயில்ஸ்டொக் பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். பாதி வழியில் இறுகினால் சக்குப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் வேலையெல்லாம் நடப்பது அந்த ஓர் அடிக்குள்தான். அதன்பின் மைக்ரோமீட்டரால் பெட் தண்டவாளத்தின் தடிப்பை இரண்டு அந்தத்திலும் அளக்கலாம். இந்த மெசினில் வித்தியாசம் 0.06 மி.மீ. இது பரவாயில்லை. 0.1 மி.மீ. தாண்டினால் பெட் அரைக்கிற செலவை விலையிலிருந்து கழித்துக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். துருக்குழிகளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. குழி ஒயிலைப் பிடித்து வைக்கும், தேய்வுதான் அளவைக் கெடுக்கும். கரையோர மெசின் என்றால் சுனாமித் தண்ணீர் புகுந்ததா என்று சேடிலின் முன்தகடான ஏப்ரனுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் அடிப்பவர்கள் அங்கே அடிப்பதில்லை.

அடுத்தது ஸ்பின்டில், சக்கைச் சுழற்றுகிற அச்சு. எம்.எல்.7இல் இருப்பது இரண்டாகப் பிளந்த வைற்மெட்டல் (மென்மையான வெண்ணுலோக) பெயரிங். சக்கில் ஒரு தடியைப் பிடித்து மேலே நெம்பி, ஸ்பின்டில் மூக்கில் டயல் கேஜ் வைத்தால் ஆட்டம் தெரியும். இங்கே 0.07 மி.மீ. காட்டியது. பெயரிங் மூடிகளுக்குக் கீழே படை படையாக ஒட்டிய ஷிம் (மெல்லிய இடைத்தகடு) உண்டு. பிளேடால் ஒரு படையை உரிக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு உரிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உரித்தால் மூடி சாய்ந்து பெயரிங் சூடேறும். ஒரு படை உரித்ததும் ஆட்டம் 0.02க்கு வந்தது. அங்கே நிறுத்திவிடுவது நல்லது, ஒயில் படலத்துக்கும் இடம் வேண்டும். ஊற்றுவது ஹைட்ரோலிக் 32 ஒயில். மிஞ்சிய வாகன எஞ்சின் ஒயிலை ஊற்ற வேண்டாம்.

பணம் ஒழுகிப் போவது கூட வராத சாமான்களில்தான். சக், புரி வெட்டும் வேகத்தை மாற்றுகிற சேஞ்ச் கியர், நீளத் தடியைத் தாங்குகிற ஸ்டெடி, துண்டைப் பூட்டுகிற ஃபேஸ்பிளேட் எல்லாம் தனித்தனியாகத் தேடினால் லேத்தின் விலையையே எட்டிவிடும். ஸ்பின்டில் மூக்கு 1⅛ அங்குலம், அங்குலத்துக்கு 12 புரி. இந்தப் புரிக்குரிய, சக்கை ஸ்பின்டிலோடு இணைக்கிற பேக்பிளேட் இல்லாமல் சக் மட்டும் வாங்கினால் அது மேசையில்தான் கிடக்கும். கியர் 20 டி.பி. (பல்லின் அளவு), 14½ பாகை (பல்லின் அழுத்தக் கோணம்). பல்லின் எண்ணிக்கையோடு 2 கூட்டி 20ஆல் வகுத்தால் வெளிவிட்டம் அங்குலத்தில் வரும். மில்லிங் மெசினும் பல் பிரிக்கிற டிவைடிங் ஹெட்டும் உள்ள கடையில் இதைச் சொன்னாலே போதும்.

துருவை மின்சாரத்தால் கழற்ற ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பற்றறி சார்ஜர். துருப்பிடித்த துண்டு சார்ஜரின் மறைக்கம்பியில் (−), பழைய இரும்புத் தகடு நேர்க்கம்பியில் (+), இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் போடாதீர்கள், தண்ணீரில் நச்சுக் குரோமியம் கரையும். அலுமினியத்தையும் துத்தநாகக் கலவையில் வார்த்த கியரையும் போட்டால் அரித்துவிடும். ஹைதரசன் வரும், அதனால் வாளி வெளித் திண்ணையில். புதிய ரக சார்ஜர்கள் பற்றறியைக் காணாமல் ஓடாது, பழைய டிரான்ஸ்ஃபோமர் சார்ஜர்தான் வேண்டும். எடுத்தவுடன் கழுவி, வெயிலில் சூடாக்கி, ஒயில் பூச வேண்டும். வாவிக்காற்றில் ஒரு இரவு விட்டாலே செம்மஞ்சள் படிந்துவிடும். மார்கழி மழைக்குள் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

மோட்டார் மூன்று ஃபேஸ் என்று சொல்லி விலை குறைப்பார்கள். அது நமக்கு நல்லது. 0.55 கிலோவாட்டுக்கு ஒரு ஃபேஸ் 230 வோல்ட்டை மூன்று ஃபேஸாக மாற்றுகிற இன்வேர்ட்டர் போதும். பெயர்த் தகட்டில் 230/400 இருந்தால் டெல்டாவாக (முக்கோணமாக) இணைக்கலாம். 415 மட்டும் இருந்தால் மூன்று சுருளும் சேர்கிற ஸ்டார் முடிச்சு உள்ளே புதைந்திருக்கும், அதைப் பிரித்து ஆறு வயரையும் வெளியே எடுக்கிற கூலியை ரீவைண்டிங் கடையில் முதலே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்வேர்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய சுவிட்சை விட்டால், ஓடும்போது அணைக்கிற ஒரு தடவையில் இன்வேர்ட்டர் போய்விடும்.

மேசையில் பூட்டியபின் 25 மி.மீ. தடியை டெயில்ஸ்டொக் தாங்கல் இல்லாமல் 150 மி.மீ. வெளியே விட்டு, இரண்டு அந்தத்திலும் மெல்லிய வெட்டு எடுத்து அளந்தோம். வெளி அந்தம் 0.05 மி.மீ. பெருத்திருந்தது. அப்படியென்றால் வலப்பக்க முன் காலுக்குக் கீழே ஷிம் வைக்க வேண்டும். மூன்று தரம் வைத்துப் பார்த்த பிறகு 0.01க்கு இறங்கியது.

மிச்சமிருப்பது மெட்ரிக் புரி. ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் கேட்பது மில்லிமீற்றர், புரி வெட்டும்போது சேடிலை இழுக்கிற இந்த லீட்ஸ்க்ரூவோ அங்குலத்துக்கு 8 புரி. அங்குலத்தைச் சரியாக மில்லிமீற்றராக்குகிற 127 பல் சக்கரம் இந்த மெசினுக்குப் பெரிது. 63 பல் ஒன்று வெட்டுவித்து 63/50, 30/40, 35/70 (ஓட்டுகிற பல்/ஓடுகிற பல்) என்று கோர்த்தால் 1.5 மி.மீ. புரி வருகிறது, 100 மி.மீ. நீளத்துக்கு 0.0125 மி.மீ. பிழையோடு. நட்டுக்கு அது தெரியாது.