செயினை இறுக்கினால் தேய்மானம் நிற்காது

"அண்ணை, செயின் சத்தம் போடுது, ஒருக்கா இறுக்கி விடுங்கோ."

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் மோட்டார் சைக்கிள் கராஜைத் திறந்து வாசல் கூட்டி முடிவதற்குள் இப்படி ஒருவராவது வந்து நிற்பார். அவர் கேட்பதில் பிழையில்லை. தொய்ந்த செயினை இறுக்கத்தான் வேண்டும். ஆனால் இறுக்கினால் சத்தம் நிற்குமே தவிரத் தேய்மானம் நிற்காது. வேலைக்குப் போகிற அவசரத்தில் நிற்கும் ஒருவருக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் என் தொழிலில் கடினமான பகுதி. ஸ்பனர் பிடிப்பது அதைவிட லேசு.

செயினின் தகடுகள் இழுபட்டு நீளுவதாகப் பலர் நினைக்கிறார்கள். தேய்வது தகடு அல்ல. ஒவ்வொரு கண்ணியின் மூட்டிலும் ஓர் ஊசி இருக்கிறது, அதைச் சுற்றி புஸ் என்கிற ஒரு சின்னக் குழாய், அதற்கு மேல் சுழலும் உருளையான றோலர். 1880 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனோல்ட் உருவாக்கிய அதே அமைப்புத்தான் இன்றைக்கும் நாங்கள் பூட்டும் செயினில் இருக்கிறது. ஊசிக்கும் புஸ்ஸுக்கும் இடையில் ஒயில் வற்றினால் இரும்பும் இரும்பும் உரசும். ஒரு மூட்டில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு தேய்வதைக் கண்ணால் காண முடியாது. 118 கண்ணி உள்ள செயினில் எல்லா மூட்டும் அப்படித் தேய்ந்தால் மொத்தமாகக் கிட்டத்தட்ட 12 மில்லிமீற்றர் நீண்டுவிடும். காலையில் வந்த அண்ணை கேட்டது அந்தப் 12 மில்லிமீற்றரின் சத்தத்தை.

இங்கே ஓடும் சின்ன வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 428 அளவுச் செயின்தான். அதில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து அடுத்த ஊசியின் நடுவரை 12.7 மில்லிமீற்றர். செயினை விறைப்பாகப் பிடித்து 21 ஊசிகளை எண்ணி, முதலாவதற்கும் கடைசிக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்தால் புதுச் செயின் 254 மில்லிமீற்றர் காட்டவேண்டும். அது 259 ஐ எட்டிவிட்டால் செயினின் காலம் முடிந்துவிட்டது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பிள்ளைகளின் பள்ளிக்கூட அடிமட்டமே போதும். ஆனாலும் அளந்து பார்த்துவிட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

இறுக்கும் நட் கடைசிவரை போய்விட்ட பிறகு வரும் வேண்டுகோள்தான் எனக்குப் பயம் தருவது: "ரெண்டு கண்ணியை வெட்டி விடுங்கோ, இன்னும் கொஞ்சக் காலம் ஓடும்." உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருவதால் வெட்டினால் சோடியாகத்தான் வெட்டவேண்டும். அதாவது 25.4 மில்லிமீற்றர். அவ்வளவு நீண்டுவிட்ட 118 கண்ணிச் செயின், நான் மேலே சொன்ன எல்லைக்கு விளிம்பில் நிற்கிறது. வெட்டியதால் அது குட்டையாகும், புதிதாகாது. மிஞ்சிய ஒவ்வொரு மூட்டும் தேய்ந்தபடியேதான் இருக்கும். அதனால் நான் வெட்டிக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கராஜுக்குப் போனவர்களும் உண்டு.

இந்த வெட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தொழில் பழக்கிய மாமா, தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்தவர்களில் ஒருவர். போத்தலில் இருந்த துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதுச் செயின் வராது. இரண்டு பழைய செயின்களின் நல்ல துண்டுகளைப் பொருத்தி ஒன்றாக்குவார். அந்தக் கைத்திறனை நான் இன்றும் மதிக்கிறேன். வேறு வழி இல்லாத காலத்தின் வேலை அது. கடையில் செயினும் இரண்டு பல்லுச்சக்கரங்களும் சேர்ந்த செயின் செற் தொங்கிக்கொண்டிருக்கையில், காப்பெற் வீதியில் அறுபது, எழுபதில் ஓடும் வண்டிக்கு அதைச் செய்யக்கூடாது.

வேலணைப் பக்கம் படிப்பிக்கும் ஒரு ரீச்சரின் வண்டியை லான்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கடலுக்கு நடுவே போகும் பண்ணைத் தாம்போதி வீதியில் போய்க்கொண்டிருக்கையில் செயின் கழன்று பின் பல்லுச்சக்கரத்துக்கும் சில்லைத் தாங்கும் கைக்கும் நடுவில் செருகி, பின்சில்லு அப்படியே இறுகிவிட்டது. ரயர் வீதியில் தேய்த்துக்கொண்டு போய், வண்டி சரிந்திருக்கிறது. பின்னால் வந்த பஸ்காரர் நேரத்துக்குப் பிறேக் பிடித்ததால் ரீச்சர் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். "ஒரு அறிகுறியும் இல்லாமல் நடந்தது, தம்பி" என்றார். நான் செயினைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கோ வெட்டிக் குறுக்கியிருந்தார்கள். பின் பல்லுச்சக்கரத்தின் பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கூராகிவிட்டிருந்தன. அப்படிப்பட்ட பல் றோலரைப் பிடிக்காது. மேடு பள்ளத்தில் ஒரு குலுக்கல் வந்தால் செயின் அதன்மேல் ஏறிவிடும். அதனால்தான் செயின், முன் பல்லுச்சக்கரம், பின் பல்லுச்சக்கரம் மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொல்கிறோம். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் அந்தக் காசும் வீண்.

எங்கள் மண்ணும் செயினுக்குச் சாதகமானதல்ல. வேலணை போன்ற தீவகப் பகுதிகளுக்குப் போய்வரும் வண்டிகளில் உப்புக்காற்று றோலர்களைத் துருப்பிடிக்க வைக்கும். சில கண்ணிகள் மடங்காமல் விறைத்து நிற்கும். வடமராட்சி கிழக்கு வண்டிகளில் மணல். உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரர்களின் வண்டிகளில் செம்மண், அதிலும் மாரி மழைக்குப் பிறகு. ஒயிலோடு செம்மண் குழைந்தால் அது அரம் போல உள்ளே அராவும். அதற்கு மேல் கழிவு ஒயிலை ஊற்றுகிறார்கள். எஞ்சினில் கறுத்துப்போன ஒயிலில் இரும்புத் துகள் இருக்கிறது, செயினுக்கு அது வேண்டாம். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, காயவிட்டு, 90 ஆம் இலக்கக் கியர் ஒயிலைக் கீழ்ச் செயினின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூட்டுகளில் ஓரிங் என்கிற ரப்பர் வளையம் உள்ள செயினைப் பெற்றோலில் கழுவவே கூடாது, ரப்பர் கெட்டுவிடும்.

இறுக்குவதிலும் ஓர் அளவு இருக்கிறது. பெரும்பாலான சின்ன வண்டிகளுக்குக் கீழ்ச் செயின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆடவேண்டும். சரியான எண் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். சில்லைச் சுற்றிப் பார்த்து, செயின் ஆக இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் அளக்கவேண்டும். கம்பி மாதிரி இறுக்கினால் ஆள் ஏறி இருக்கையில் இன்னும் இறுகி, கியர்பொக்ஸ் பெயரிங்கைத் தின்றுவிடும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லொக்கைப் பூட்டும்போது அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும். திறந்த வாய் முன்னுக்கு இருந்தால் ஏதும் தட்டுப்பட்டு லொக் கழன்றுவிடும்.

இதையெல்லாம்விட என் கராஜில் நான் கத்திச் சொல்லும் விதி ஒன்று இருக்கிறது. ஸ்ராண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கக்கூடாது. துணி பல்லில் மாட்டினால் விரலும் கூடவே போகும். கையை இழுக்க நேரம் கிடைக்காது. வேலை பழகவரும் பெடியன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். எஞ்சினை நிறுத்து, திறப்பைக் கழற்று, சில்லைக் கையால் சுற்று. பின்னால் சாறியோடு இருப்பவர்களின் முந்தானையும் அப்படித்தான். செயின் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும் இளைஞர்களிடம் நான் பணிந்து கேட்பது, அதைத் திரும்பப் பூட்டுங்கள் என்றுதான்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளே எல்லோருக்கும் துணையாயின. 2022 இல் ரூபாய் சரிந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. கையில் காசு இல்லை என்று ஒருவர் சொன்னால் நான் நம்புகிறேன். அப்படிப்பட்டவருக்குக் காசைப் பகுதி பகுதியாக வாங்கிக்கொண்டு செற் பூட்டிவிட்டிருக்கிறேன். ராங்க் பெயின்ற், கலர் லைற் எல்லாம் தள்ளிப்போடலாம். இது தள்ளிப்போடும் சாமான் அல்ல.

ஓடும்போதே செயின் அறுந்துவிட்டால் எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது. முறுக்கிய அக்சிலேற்றரை விட்டு, கிளச்சைப் பிடித்து, ஹாண்டிலை நேராக வைத்து, பிறேக்கை மெதுவாகப் பிடித்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். செயினை எடுத்துப் பூட்டிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டாம். அறுந்த செயின் முன் பல்லுச்சக்கரத்தில் சுருண்டு எஞ்சின் கேஸை உடைப்பதும் உண்டு. அந்தப் பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒயில் கசிந்தால் அது வழிந்து பின்ரயருக்குப் போகும், அந்த வண்டியை ஓட்டாமல் ஏற்றித்தான் கொண்டுவரவேண்டும்.