பூஜ்யம் கேட்டேன், பத்து வந்தது

நாங்கள் ஆறு பேர் நடத்தும் சிறு மாத இதழின் இணையதளம், தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடுகிறது. உள்ளே நுழைந்ததும் வரும் நிர்வாகப் பக்கமான டாஷ்போர்டில், ஒரு பெட்டியில் வேர்ட்பிரஸ் செய்திகள் ஆங்கிலத்தில் நிற்கும். "அந்த இடத்துல நம்ம அறிவிப்பு வந்தா என்ன தம்பி?" என்று ஆசிரியர் அக்கா கேட்டார். கட்டுரை அனுப்பக் கடைசித் தேதி, படத்தின் அளவு போன்றவற்றை இன்னொரு தளத்தில் போட்டு வைக்கிறோம். அதற்கு ஆர்எஸ்எஸ் ஃபீடும் உண்டு, புதிய பதிவுகளை மற்றத் தளங்கள் எடுத்துக்கொள்ளத் தரும் பட்டியல் அது. அரை மணி நேர வேலை என்று சொல்லிவிட்டேன்.

டாஷ்போர்டு_பிரைமரி_ஃபீட் என்று ஒரு ஃபில்டர் ஹூக் இருக்கிறது, வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் ஒரு மதிப்பை நம் நிரல் மாற்ற இடம் தரும் கொக்கி. அதில் மாட்டும் ஃபங்ஷன் நம் ஃபீட் முகவரியைத் திருப்பித் தந்தால் போதும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமில் எழுதினால், வேறு தீமுக்கு மாறும்போது போய்விடும் என்று தனிச் சிறு பிளகினாக (கூடுதல் நிரல்) எழுதினேன். ஒழுங்காக இருக்கட்டுமே என்று அந்த ஃபில்டரை, டாஷ்போர்டு பக்கம் தயாராகும்போது நடக்கும் டபிள்யூபி_டாஷ்போர்டு_செட்டப் ஆக்‌ஷனுக்குள் வைத்தேன். வினையே அங்கேதான்.

பழைய செய்திகளே வந்தன. கேஷ், அதாவது முன்பே சேமித்து வைத்த நகல், என்று நினைத்தேன். அதுவும் உண்மைதான், அந்தப் பெட்டியின் வெளியீடு 12 மணி நேரம் டிரான்சியன்ட்டாகச் (தற்காலிகப் பதிவு) சேமிக்கப்படுகிறது. டேட்டாபேஸில் பெயரில் டேஷ்_வி2 என்று வரும் வரியை அழித்தேன். மறுபடியும் அதே ஆங்கிலம். வேர்ட்பிரஸின் சொந்தக் கோர் கோப்பைத் திறந்து படித்த பிறகே புரிந்தது. கேஷ் காலியாக இருந்தால் பக்கம் வரும்போது பெட்டியில் 'ஏற்றுகிறது' என்ற வரி மட்டும் இருக்கும், செய்திகளை பிரவுசர் அஜாக்ஸ் (பக்கம் வந்த பின் பின்னணியில் போகும் அழைப்பு) வழியாகத் தனியே கேட்டு வாங்கும். அந்த அழைப்பில் செட்டப் ஆக்‌ஷன் நடப்பதே இல்லை, அதனால் என் ஃபில்டரும் இல்லை. ஃபில்டரை வெளியே எடுத்துப் போட்டு, மறுபடி கேஷை அழித்ததும் எங்கள் அறிவிப்பு வந்துவிட்டது.

எனக்கு மட்டும். அக்காவுக்குப் பழையதே. அந்த டிரான்சியன்ட்டின் பெயரில் பயனரின் மொழியும் கலந்திருக்கிறது. நான் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறேன், அவர் தமிழில். அவருடைய வரி அழியாமல் கிடந்தது.

சரி, அதையும் அழித்தாயிற்று. ஆனால் எங்கள் அறிவிப்புக்குக் கீழே இன்னும் 3 ஆங்கிலச் செய்திகள். அவை அதே பெட்டி காட்டும் இரண்டாவது ஃபீடிலிருந்து வருபவை. எத்தனை காட்ட வேண்டும் என்பதற்கும் ஒரு ஃபில்டர் உண்டு, டாஷ்போர்டு_செகண்டரி_ஐட்டம்ஸ். பூஜ்யம் கொடுத்தேன். வரிசையாகப் பத்துச் செய்திகள் வந்து நின்றன! ஆர்எஸ்எஸ்ஸைக் காட்டும் ஃபங்ஷன், எண்ணிக்கை 1-க்குக் கீழேயோ 20-க்கு மேலேயோ போனால் தானே 10 என்று வைத்துக்கொள்கிறதாம். அன்றைக்கு அதோடு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மறுநாள் யோசித்தால், பெட்டியின் தலைப்பும் மாறப்போவதில்லை. டாஷ்போர்டு_பிரைமரி_டைட்டில் என்ற ஹூக் பெயரைப் பார்த்து ஏமாந்திருந்தேன், அது இணைப்பின் தலைப்புக்கு மட்டும்தான். பெட்டியின் மேலே பக்கத்து ஊர் வேர்ட்பிரஸ் கூட்டங்களின் பட்டியல் வேறு. இத்தனை ஒட்டுப் போடுவதற்குப் பழைய பெட்டியை ரிமூவ்_மெட்டா_பாக்ஸால் தூக்கிவிட்டு, டபிள்யூபி_ஆட்_டாஷ்போர்டு_விட்ஜெட்டில் 'அலுவலக அறிவிப்புகள்' என்று புதிதாக ஒன்று வைப்பதே மேல் என்று தோன்றியது. இவை இரண்டும் செட்டப் ஆக்‌ஷனுக்குள்தான் இருக்க வேண்டும், முதலில் நான் தவறாக நுழைந்த அதே இடம். உள்ளே 5 அறிவிப்புகளைக் காட்ட ஒரே வரி. இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

ஃபீடுக்கென்றும் தனியே 12 மணி நேரக் கேஷ் உண்டு. அவசர அறிவிப்பு அவ்வளவு தாமதமாக வந்து என்ன பயன்? அதன் ஆயுளை 15 நிமிடமாக்கும் ஃபில்டரை என் பெட்டி ஃபீடை எடுப்பதற்குச் சற்று முன் மாட்டி, எடுத்ததும் கழற்றிவிட்டேன். தளத்தின் மற்ற ஃபீடுகளுக்கு அது தேவையில்லை.

மாலையில் அக்கா போன் செய்தார். "காணோமே தம்பி." அவர் பெட்டிகளை முன்பே இடம் மாற்றி வைத்திருந்தார், அதனால் புதியது இடப்பக்கம் எல்லாவற்றுக்கும் கீழே போய் உட்கார்ந்திருந்தது. மேலே இழுத்து விடச் சொன்னேன்.