எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன், 22 வருடமாக. என் வேலையில் பாதி எண்ணுவதுதான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. காஸ், மாப் என்று ரத்தம் ஒற்றும் துணிகள், ஊசி, பிளேடு, கருவிகள் என்று உடம்புக்குள் போகக்கூடிய எதுவானாலும் கத்தி வைக்கும் முன் எண்ண வேண்டும். வயிற்றை மூடும் முன் எண்ண வேண்டும். தோலைத் தைக்கும்போது மறுபடியும். நடுவில் சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் மாறினால் அதற்கும் ஒரு கவுண்ட். இரண்டு பேர் சேர்ந்து, வாய்விட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எண்ணுவோம். ஐந்து என்று கட்டி வந்த மாப்பில் நான்கும் இருக்கலாம், ஆறும் இருக்கலாம் என்றுதான் பிரிப்போம். எண்ணும்போது யாராவது குறுக்கிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இப்படி ஒரு வேலையில் இருப்பவளுக்கு வாய்த்த கணவர், தன் போனைக் காணவில்லை என்று என் போனிலிருந்து கூப்பிட்டுத் தேடுவார். அவர் போன் கிடைத்ததும், என் போனை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பிப்பார்.

வெறும் மறதி என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மறக்காதவர் யார்? என் எரிச்சல் வேறு. அவருடைய மறதியை அவர் சுமப்பதே இல்லை. அதற்கென்று ஒரு படையே இருக்கிறது. பில் கட்ட வேண்டிய தேதியை அவருடைய அக்கா போன் போட்டுச் சொல்வார். வீட்டின் மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவர்கள் ஊரில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்று ஒரு நண்பரிடம். ஆபீஸில் ஒரு பையன் இவருக்காகவே கூடுதலாக ஒரு சார்ஜர் வைத்திருக்கிறான். மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து மேசையைத் தட்டுவதும் அவன்தான். இத்தனை பேருக்கும் மேலே தலைமை அலுவலகம் நான். ஒரு தனி மனிதரின் வாழ்க்கை கூட்டுறவுச் சங்கம் மாதிரி நடந்துகொண்டிருந்தது.

சங்கத்தில் யாருக்கும் சலிப்பில்லை என்பதுதான் வேடிக்கை. "நீங்க மட்டும் இல்லன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்!" என்று அவர் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். அது நடிப்பல்ல, மனதாரத்தான் சொல்வார். "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நல்ல மனுஷன், சிஸ்டர்!" என்று அவர்கள் என்னிடம் வந்து சொல்வார்கள். நல்ல மனுஷன்தான். அதனாலேயே நான் கோபப்பட்டால் என்னைத்தான் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தியேட்டருக்குள் நான் போன் கொண்டுபோவதில்லை, லாக்கரில் இருக்கும். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் கூப்பிடச் சொல்லி தியேட்டர் டெஸ்க் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன். ஒரு நாள் வயிற்று ஆபரேஷன், நான்கு மணி நேரத்தைத் தாண்டி ஓடிவிட்டது. மூடப் போகிறார்கள். நான் சர்குலேட்டிங், அதாவது மேசையிலிருந்து தள்ளி நின்று வேண்டியதை எடுத்துத் தரும் நர்ஸ்; ஸ்க்ரப்பில் ஒரு ஜூனியர் பெண். "பதினாறு, பதினேழு..." என்று இருவரும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கையில் கதவருகே குரல் கேட்டது. "சிஸ்டர், வீட்டிலேர்ந்து போன். அவசரமாம்."

ஒரு கணம்தான் திரும்பினேன். கவுண்ட் போய்விட்டது.

முதலிலிருந்து எண்ணினோம். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினோம். அதே ஒன்று. "சார், ஒரு மாப் ஷார்ட்" என்றேன். சர்ஜன் கை நின்றது. அவர் வயிற்றுக்குள் தேட, நான் தரையில், பக்கெட்டில், குப்பைப் பைக்குள் தேடினேன். மாப்பில் எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி ஒரு கோடு ஓடும். எங்கும் கிடைக்காவிட்டால் மூடும் முன் மேசையிலேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மெஷினை வரச்சொல்லப் போனபோது கிடைத்தது, நோயாளி மேல் போர்த்திய துணியின் மடிப்பில்.

மாப் மடிப்புக்குள் போனதற்கும் என் கணவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நியாயம் எனக்குத் தெரியும். ஆனாலும் வெளியே வந்து, கை நடுக்கம் நிற்காமலே போன் செய்தேன்.

"ஒண்ணுமில்லம்மா, இன்சூரன்ஸ் பாலிசி எந்த டிராயர்ல இருக்குன்னு கேக்கத்தான். அதுக்குள்ள அக்காவே சொல்லிட்டாங்க."

அன்று இரவு பெரிய சண்டை. அதில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் முள்ளாக நின்றுவிட்டது: "நான் மறதிக்காரன்னு உனக்குத்தான் தெரியுமே?"

எங்கள் தியேட்டரில் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 விஷயங்கள். மயக்க மருந்துக்கு முன் சில, கத்தி வைக்கும் முன் சில, நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் சில. நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்து பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7க்கும் இறங்கியிருந்தன. அங்கே இருந்தவர்கள் எல்லாம் மறதிக்காரர்களா என்ன? கைதேர்ந்தவர்கள். கைதேர்ந்தவரும் மறப்பார் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் அந்தப் பட்டியலை எழுதியிருக்கிறார்கள்.

அதே முறையை வீட்டில் கொண்டுவந்தேன். சாவிக்கு ஆணி அடித்தேன். டிராயர்களில் பெயர் எழுதி ஒட்டினேன். சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. மூன்றாவது வாரமே பலகையில் எழுதுவதும் அழிப்பதும் நான் மட்டும்தான் என்றாகிவிட்டது. அவர் பலகையைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்த என்னைக் கேட்டுக்கொண்டார்.

மனநலப் பிரிவில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, "பெரியவங்களுக்கும் ஏ.டி.எச்.டி. இருக்கும்ப்பா, ஒருதடவை காட்டிப் பாரேன்" என்றாள். கவனக்குறைபாட்டைத்தான் சொன்னாள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்ப்பார்களாம், பழைய ரிப்போர்ட் கார்டு ஏதாவது இருந்தால் உதவுமாம். அவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரிப்போர்ட் கார்டு எங்க இருக்குன்னு தெரியலையே" என்றார். கோபத்தை மீறிச் சிரித்துவிட்டேன். போக மாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு முறை தேதி வாங்கினோம், இரண்டு முறையும் தேதியை மறந்துவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை. அது பிடிவாதமா, சோர்வா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் எழுதிய ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தேன். வீட்டு வேலையில் கண்ணுக்குத் தெரியாத வேலை நான்கு என்கிறார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி உண்டு என்று பார்ப்பது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் மனைவி தலையில். படித்ததும் எனக்கு எங்கள் கவுண்ட்தான் ஞாபகம் வந்தது. தியேட்டரில் எண்ணுவதற்கு இரண்டு பேர். வீட்டில் நான் ஒருத்தி எண்ணுகிறேன், அவர் "எவ்வளவு இருக்கு?" என்று கேட்கிறார்.

இதோடு முடித்திருந்தால் என் பக்கம் சுத்தமாக இருந்திருக்கும். போன வருடம் முழங்கால் ஆபரேஷனுக்காக ஐந்து வாரம் லீவு போட்டேன். படுக்கையில் கிடந்தபடி வீடு சீரழிவதைப் பார்க்கத் தயாராகத்தான் இருந்தேன். கொஞ்சம் ஆசையாகவும் இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பில் தாமதமாகப் போனது. மற்றதையெல்லாம் அவருடைய சங்கம் பார்த்துக்கொண்டது.

என் போன்தான் ஓயவில்லை. "சிஸ்டர், எலும்பு டாக்டர் கேக்குற அந்த இன்னொரு ரிட்ராக்டர் எந்த செட்ல வரும்?" "சிஸ்டர், இவருக்குக் கிளவுஸ் ஏழா, ஏழரையா?" "சிஸ்டர், அவர் எந்த நூல்ல தைப்பார்?" ஒவ்வொரு சர்ஜனுக்கும் பிரிஃபரன்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு, இதெல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். அந்தக் கார்டுகளைப் பல வருடமாக நான் புதுப்பிக்கவே இல்லை. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே. நான்காவது அழைப்பிலோ ஐந்தாவதிலோ ஒரு பெண், "நீங்க இல்லாம எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல சிஸ்டர்" என்றாள். என் முகம் மலர்ந்ததை நானே உணர்ந்தேன். அப்படியே படுத்துக் கிடந்தேன், வெகுநேரம்.

வேலைக்குத் திரும்பியதும் முதலில் செய்தது கார்டுகளை எழுதியதுதான். நானே எல்லாவற்றையும் எழுதாமல் அந்தப் பெண்களை எழுதவைத்து, சர்ஜன்களிடம் சரிபார்க்கச் சொன்னேன். இப்போது என்னை யாரும் அதிகம் கேட்பதில்லை. கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

இதனால் அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தியேட்டரில் கேட்டவர்கள் வேலை கற்றுக்கொண்டிருந்தவர்கள்; இவர் கற்றுக்கொள்ளாமலே 19 வருடம் ஓட்டியவர். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வண்டியின் காகிதங்கள், இன்சூரன்ஸ் இரண்டையும் முழுசாக அவரிடம் விட்டுவிட்டேன். "மறந்துடாதீங்க" என்றுகூடச் சொல்வதில்லை என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். வண்டி இன்சூரன்ஸ் முடியும் தேதி எனக்குத் தெரியும். அது முடிந்த பிறகும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வண்டியில் மட்டும் ஏறவில்லை. நான் ஏன் ஏறவில்லை என்று யோசித்து, மூன்றாம் நாள் அவரே கண்டுபிடித்துக் கட்டினார். அந்த இரண்டு நாள் மாதிரி எந்த ஆபரேஷனிலும் எனக்கு வியர்த்ததில்லை.

நேற்றுக் காலை வாசலில் நின்றுகொண்டு, "சாவி, போன், கண்ணாடி, பர்ஸ்" என்று பைகளைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றுதான் இருந்தன. நாலாவது எனக்கு நேர் எதிரே மேசைமேல் கிடந்தது. நான் ஷூ லேஸைக் கட்டுவதிலேயே கண்ணாக இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்ன சார், மறுபடியுமா? எதைத் தேடுறீங்க?" என்றார்.

அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.