ஓட்டு இல்லாத ஓட்டுநர்

"நீதிபதி வேலைக்குக்கூட ஓட்டுக் கேட்பார்களா?" கோவில்பட்டியிலிருந்து வீடியோ அழைப்பில் அம்மா இப்படிக் கேட்டபோது நான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், எல் பாசோ நகரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பின் இருக்கையில் எங்கள் பக்கத்து வீட்டு வக்கீலம்மா கையெழுத்துத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். "கேட்பார்கள் அம்மா. நான்தான் கார் ஓட்டுகிறேன்" என்றேன். "நீ ஓட்டுப் போடுவாயா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குத்தான் வழியில்லை.

வக்கீலம்மா போட்டியிட்டது டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி பதவிக்கு. அந்த மாநிலத்தில் உச்ச நீதிமன்றம் ஒன்றல்ல, இரண்டு. சொத்து, ஒப்பந்தம் போன்ற உரிமையியல் வழக்குகளுக்கு டெக்சாஸ் உச்ச நீதிமன்றம். குற்ற வழக்குகளுக்கு இது. அமெரிக்காவில் இப்படிப் பிரித்து வைத்திருக்கும் மாநிலங்கள் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் மட்டுமே. ஒன்பது நீதிபதிகள், ஆறு ஆண்டுப் பதவிக்காலம். ஒவ்வொருவரும் கட்சிச் சார்போடு, மாநிலம் முழுவதும் ஓட்டு வாங்கித்தான் வர வேண்டும். விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால், மேல்முறையீடு இடையில் எங்கும் நிற்காமல் நேராக இவர்களிடம் வந்துவிடும். 1982ல் டெக்சாஸில் தண்டனை நிறைவேற்றம் மீண்டும் தொடங்கியதிலிருந்து 500க்கும் மேற்பட்டவர்களின் உயிர் போயிருக்கிறது. இவ்வளவு பெரிய அதிகாரம் உள்ள இந்த நீதிமன்றத்தின் பெயரை நான் சந்தித்த வாக்காளர்களில் பத்துக்கு ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. நானும் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் ஏழு ஆண்டுகள் குடியிருந்தும் கேள்விப்பட்டதில்லை.

அப்போது நான் எச்1பி விசாவில் இருந்தேன். கிரீன் கார்டுக்கான வரிசையில் நின்றே தலை நரைத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. பிரசாரப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்ற முடிவுகளிலும் தலையிடக் கூடாது. சம்பளம் வாங்காமல் உழைக்கலாம், அவ்வளவுதான். வக்கீலம்மாவின் பொருளாளர் ஓய்வுபெற்ற கணக்காளர். முதல் நாளே என்னை உட்கார வைத்து இதைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: "இந்தக் காருக்குப் பெட்ரோல் உங்கள் காசில் போட்டீர்கள் என்றால் உங்களை விடமாட்டேன்." அவ்வளவு கறார் தேவையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வம்பு எதற்கு என்று தலையாட்டினேன்.

கார் எதற்கு அவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்றால், கையெழுத்துக்காக. மாநில அளவிலான நீதிபதி பதவிக்கு வேட்புமனுக் கட்டணம் 3,750 டாலர். பணத்தைக் கட்டினால் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. மாநிலத்தில் இருக்கும் ஒவ்வொரு இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்ற எல்லையிலிருந்தும் குறைந்தது 50 வாக்காளர்களின் கையெழுத்தும் வேண்டும். அப்போது அப்படிப் பதினான்கு எல்லைகள் இருந்தன. ஆக 700. ஆஸ்டினில் ஒரே வாரத்தில் 700 வாங்கிவிடலாம், அது செல்லாது. அமரில்லோ, டைலர், பியூமான்டு போன்ற ஊர்களுக்குப் போயே ஆக வேண்டும். ஆஸ்டினிலிருந்து எல் பாசோ ஏறக்குறைய 925 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், அதில் மூன்றில் ஒரு பங்குத் தூரம் திரும்பியும் வருவதுபோல. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பது தெரியாமல், கூட்டத்துக்குத் தாமதமாகிவிட்டது என்று பதறிப் போய்ச் சேர்ந்தால், கூடத்தில் நாற்காலிகூடப் போட்டிருக்கவில்லை.

படிவம் எளிமையாகத்தான் தோன்றும். கையெழுத்து, அச்செழுத்தில் பெயர், வீட்டு முகவரி, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), பிறந்த தேதி அல்லது வாக்காளர் எண், கையெழுத்திட்ட தேதி. இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். தேதி இல்லாத வரி செல்லாத வரி. இதில் கையெழுத்திட்டால் அந்த ஆண்டு இன்னொரு கட்சியின் பிரைமரியில், அதாவது அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில், ஓட்டுப் போட முடியாது என்ற வாசகமும் தாளின் மேலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தவர்கள் ஏராளம். கையெழுத்து வாங்கியவர் ஒவ்வொரு தாளுக்கும் நோட்டரி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பை வக்கீலம்மாவின் தங்கை எடுத்துக்கொண்டார். நான் தாள் பறக்காமல் அட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பவன்.

ஈஸ்ட்லாந்து என்ற சிற்றூரை நான் மறக்க மாட்டேன். நம் ஊர்ப் பேரூராட்சி அளவுகூட ஆள் இல்லை, ஆனால் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. கவுண்டி நீதிமன்ற வளாகத்தில் கண்ணாடிக்குப் பின்னால், துணி விரித்த குட்டிச் சவப்பெட்டியில் ஒரு கொம்புப் பல்லி. பெயர் ஓல்டு ரிப். 1897ல் கட்டிய பழைய நீதிமன்றத்தின் மூலைக்கல்லுக்குள் வைத்து மூடிய பல்லி, 1928ல் கல்லைத் திறந்தபோது உயிரோடு இருந்ததாம். நம்புகிறவர்கள் நம்பலாம். வக்கீலம்மா அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முப்பத்தோரு வருடம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும்" என்றார். அவர் பாதி வாழ்க்கையை அரசுத் தரப்பு வக்கீலாகவும் மீதியை எதிர்த்தரப்பு வக்கீலாகவும் கழித்தவர். அன்று அந்த ஊரில்தான் குளிர் தாங்காமல், பொருளாளரை மறந்து, மூன்று பேருக்கும் என் காசில் காப்பி வாங்கினேன்.

டெக்சர்கானாவில் வேறு விதமான வேடிக்கை. ஊரின் நடுவே போகும் சாலைதான் மாநில எல்லை. ஒரு பக்கம் டெக்சாஸ், மறுபக்கம் ஆர்கன்சா. ஒரு உணவகத்தின் வாசலில் கடை போட்டு இரண்டு மணி நேரத்தில் இருபது கையெழுத்துச் சேர்த்துவிட்டோம் என்று பூரித்துப் போயிருந்தோம். முகவரியைச் சரிபார்த்தால் ஏழு பேர் சாலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கேட்டோம், போட்டார்கள்.

பியூமான்டில் நடந்ததை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வயதான ஒரு பெண்மணி நிதானமாக வந்து படிவத்தை முழுவதும் படித்தார். "இது என் மகனின் வழக்குப் போகிற கோர்ட்டுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லும்போதே வக்கீலம்மாவின் முகம் மாறிவிட்டது. அந்தத் தாய் வழக்கைச் சொல்ல ஆரம்பித்ததும் வக்கீலம்மா, "அம்மா, மன்னியுங்கள். நான் இதைக் கேட்கக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது" என்று கையெடுத்துத் தடுத்தார். நிலுவையில் இருக்கும் வழக்கைப் பற்றி நீதிபதி வேட்பாளர் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது நடத்தை விதி. அந்தப் பெண்மணிக்குக் கோபம் வரவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்தார். வாக்காளர் எண் கேட்கும் கட்டத்தில் ஏழு இலக்கங்கள் எழுதியபின் நிறுத்தி, அதை அடித்துவிட்டு, தன் பிறந்த தேதியை ஓரத்தில் எழுதினார். "அது அவனுடைய சிறை எண். அதுதான் எனக்கு மனப்பாடம்" என்றார். திரும்பும் வழியில் வக்கீலம்மா வானொலியை அணைக்கச் சொல்லிவிட்டார். அந்த வரி செல்லுமா என்று பொருளாளர் மறுநாள் கேட்டபோது, "எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், ஆனால் தாளைக் கிழிக்காதீர்கள்" என்றார்.

டிசம்பர் இரண்டாவது திங்கட்கிழமை, மாலை ஆறு மணிக்குள் கட்சியின் மாநிலத் தலைமையிடத்தில் மனுவைக் கொடுக்க வேண்டும். நான்கு மணிக்கே கொடுத்துவிட்டோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு வந்தது பலகைத் தலைவலி. வீட்டு வாசலில் நடும் பலகையில் பெயரும் பதவியும் போட்டால், பதவியில் இல்லாத வேட்பாளர் இடையில் 'க்காக' என்று பொருள்படும் "ஃபார்" என்ற சொல்லையும் போட வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே அந்தப் பதவியில் இருப்பவர்போல ஜனங்களை ஏமாற்றியதாகிவிடும். அந்தச் சொல்லின் எழுத்து இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. அச்சகத்துக்காரர் அழகுக்காக அதைக் கடுகளவாக்கி முந்நூறு பலகை அடித்து அனுப்பிவிட்டார். பொருளாளர் அளவுகோலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியைத் திருப்பி அனுப்பினார். பணமோ சொற்பம். தருகிறவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், அவர்களுக்கும் 1995ல் வந்த சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 254 கவுண்டிகளுக்கும் தொலைக்காட்சி விளம்பரம் கொடுப்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

வாக்குச்சீட்டில் யார் பெயர் முதலில் வரும் என்பதை ஒவ்வொரு கவுண்டியிலும் கட்சித் தலைவர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார். அதில் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். நூலக அறை ஒன்றில், காலி மிட்டாய் டப்பாவுக்குள் மடித்த சீட்டுகள். எனக்கு உத்திரமேரூர்க் குடவோலைதான் நினைவுக்கு வந்தது. கணக்குக் காட்டாதவர் போட்டியிடக் கூடாது என்று அந்தச் சோழர் காலக் கல்வெட்டிலேயே இருக்கிறது. எங்கள் பொருளாளர் படித்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார். எங்கள் பெயர் மூன்றாவதாக வந்தது. வக்கீலம்மாவின் முகம் தொங்கிவிட்டது. யாருக்கும் யாரையும் தெரியாத போட்டியில் முதல் பெயருக்கு விழும் ஓட்டுகள் கணிசம் என்று கட்சிக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள்.

அது மூடநம்பிக்கை என்று தள்ளவும் மனம் வரவில்லை, ஏனென்றால் இந்தப் பதவியின் வரலாறே அப்படி. 1994ல் ஸ்டீபன் மான்ஸ்ஃபீல்டு என்பவர் தன் அனுபவத்தைப் பற்றிச் சொன்னவை உண்மையல்ல என்று வெளிவந்தும் ஜெயித்துவிட்டார். 2016ல் ஸ்காட் வாக்கர் என்ற டாலஸ் வக்கீல் அதிகம் பிரசாரம் செய்யாமலே வென்றார். விஸ்கான்சின் மாநில ஆளுநராக இருந்து, அதிபர் பதவிக்கும் முயன்றவரின் பெயரும் அதுதான்.

பிரசாரக் கூட்டங்களில் நீதிபதி வேட்பாளர்களுக்குக் கடைசி இடம், இரண்டு நிமிடம். ஷெரீஃப் வேட்பாளர் பத்து நிமிடம் முழங்கிவிட்டு உட்கார்ந்தபின், பாதிக் கூட்டம் பார்பக்யூ வரிசைக்கு எழுந்து போகும்போது வக்கீலம்மா பேசத் தொடங்குவார். முதல் ஒரு நிமிடம் அந்த நீதிமன்றம் என்ன என்று விளக்குவதிலேயே போய்விடும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மரண தண்டனைக்கு நீங்கள் ஆதரவா?" அவர் பதிலும் ஒன்றுதான்: "சட்டம் சொல்வதைச் செய்வேன்." கேட்டவர்களின் முகத்தில் ஏமாற்றம் தெரியும். அவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஒரே காரில் போன எனக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை பிரைமரியில் தோற்றுப்போனோம். முதல் இருவருக்கு இடையே நடக்கும் மறுதேர்தலுக்குக்கூட வரவில்லை. இரவு பதினோரு மணிக்கு அவர் சமையலறையில் நின்று கவுண்டி வாரியாக முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பியூமான்டு இருக்கும் கவுண்டியைத்தான் முதலில் தேடினார்.

பின்னாளில், 2024 பிரைமரியில், அந்த நீதிமன்றத்தில் பதவியில் இருந்த மூன்று நீதிபதிகளைத் தலைமை நீதிபதி ஷாரன் கெல்லர் உட்பட அவர்கள் கட்சிக்காரர்களே தோற்கடித்தார்கள். தேர்தல் குற்றங்களில் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வக்கீல்) தாமாகவே வழக்குத் தொடுக்க முடியாது என்று 2021ல் அந்த நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்காக, அதே அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் அவர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். அந்தச் செய்தியை வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன். "இந்த முறை எல்லோருக்கும் அந்தக் கோர்ட்டின் பெயர் தெரிந்திருக்கிறது" என்று மட்டும் பதில் வந்தது.

தோற்ற ஒரு மாதம் கழித்து தபாலில் எனக்கு ஒரு காசோலை. பிரசாரக் கணக்கிலிருந்து, ஏழு டாலர் சொச்சம். குறிப்பில் "காப்பி, ஈஸ்ட்லாந்து" என்று இருந்தது. ரசீது எப்படிப் பொருளாளர் கைக்குப் போனது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நினைவாக இருக்கட்டும் என்று மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். மூன்றாவது வாரம் பொருளாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை, அதனால் கணக்கை மூட முடியவில்லை, பிரசாரக் கணக்குகளைப் பார்க்கும் மாநில நெறிமுறை ஆணையத்துக்கு இன்னொரு அறிக்கை எழுத வைத்துவிடாதீர்கள் என்றார். மறுநாள் மதியம் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.