காம்போசிட் படத்தில் ஆள் ஏன் மிதக்கிறார்?

வெவ்வேறு படங்களை ஒட்டி ஒரே படமாக்கும் காம்போசிட் வேலையைத் தொடங்குகிறவர்கள் பாதி நேரத்தை முடியோரத்தை மாஸ்க் செய்வதிலேயே, அதாவது பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதிலேயே, கழிக்கிறார்கள். முடி கச்சிதமாக வந்துவிடும். ஆள் மட்டும் தரையில் நிற்காமல் மிதப்பார். முதலில் சந்தேகப்பட வேண்டியது கேமரா உயரம். ஷூட்டிங்கின்போதே தீர்மானமாகிவிடும் விஷயம் இது. பிறகு ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்து சரிசெய்வது ஏறக்குறைய முடியாத காரியம்.

சமதளத்தில் எடுத்த படத்தில் தொடுவானக் கோடு கேமராவின் உயரத்தில்தான் ஓடும். கேமரா தரையிலிருந்து 1.2 மீட்டரில் இருந்தால், அங்கே நிற்கும் எல்லோரையும், கிட்டே நின்றாலும் எட்ட நின்றாலும், அந்தக் கோடு 1.2 மீட்டரில்தான் வெட்டும். 1.6 மீட்டர் உயரமுள்ளவருக்கு அது பாதத்திலிருந்து முக்கால் பங்கு, அதாவது மார்புப் பக்கம். ஆகவே ஆளை எந்த இடத்தில் ஒட்டினாலும் மார்பு அந்தக் கோட்டில் வந்து நிற்கும்படி அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். தொடுவானம் கண்ணுக்குத் தெரியாத அறைக்குள் என்றால், தரைக் கற்களின் இணைக் கோடுகளை நீட்டிப் பாருங்கள். அவை சந்திக்கும் உயரம்தான் அது.

தூரமும் ஒத்துப்போக வேண்டும். பெர்ஸ்பெக்டிவை, அதாவது கிட்டத்துப் பொருளும் எட்டத்துப் பொருளும் ஒன்றுக்கொன்று தெரியும் விதத்தை, மாற்றுவது லென்ஸ் இல்லை, தூரம்தான். காட்சியில் 5 மீட்டர் தள்ளி நிற்கப் போகிறவரை 2 மீட்டரில் எடுத்தால் பாதம் மேலிருந்து பார்த்ததுபோல் வரும். அதைச் சுருக்கினாலும் விரித்தாலும் குணம் மாறாது.

இதற்கெல்லாம் எளிய வழி ஒன்று உண்டு. பின்னணியை எடுக்கும்போது, ஆள் நிற்கப்போகும் இடத்தில் அளவு தெரிந்த ஒரு கம்பை, 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நட்டு வைத்து ஒரு படம் கூடுதலாக எடுங்கள். ஃபோகஸை அந்தக் கம்பின் மேலேயே வைத்து மேனுவலுக்கு மாற்றிவிட்டு, கம்பை எடுத்துவிட்டு உண்மையான பின்னணியை எடுங்கள். ட்ரைபாட் அசையக்கூடாது. எக்ஸ்போஷரும் வைட் பேலன்ஸும் ஆட்டோவில் இருக்கக்கூடாது. ஆளின் அளவு, நிழல் விழும் திசை, அதன் நீளம், அடர்த்தி, நிறம் எல்லாம் அந்த ஒற்றைப் படத்தில் கிடைத்துவிடும். கேமரா உயரத்தையும் தூரத்தையும் மட்டும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இப்படி முன்கூட்டித் திட்டமிடுவது புதிதல்ல. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ஹென்றி பீச் ராபின்சன் 1858-இல் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். முதலில் பென்சிலால் வரைந்து திட்டமிடுவது அவர் வழக்கம். அண்டூ இல்லாத காலத்தில் வேறு வழியும் இல்லை.

இனி நிழல். சூரியன் 45 டிகிரியில் இருந்தால் நிழல் ஆளின் உயரமே இருக்கும். 30 டிகிரியில் 1.6 மீட்டர் ஆளுக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர். அதன் ஓரம் எல்லா இடத்திலும் ஒரே கூர்மையாக இருக்காது. நிழலைத் தரும் விளிம்பு தரையிலிருந்து விலக விலக, மீட்டருக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் வீதம் ஓரம் கலங்கும். காலடியில் கூராகவும் தலைப் பக்கம் மங்கலாகவும் வர வேண்டும். முழு நிழலுக்கும் ஒரே பிளர் கொடுத்தால் உடனே பொய் தெரியும்.

நிழலுக்குக் கறுப்பு வண்ணத்தை மல்டிப்ளையில் (கீழுள்ள படத்தை இருட்டாக்கும் கலப்பு முறை) போடுவதைவிட, வெளிச்ச அளவுகளை நிறம் நிறமாக மாற்றும் கர்வ்ஸ் லேயர் மேல். கம்புப் படத்தில் வெயில்பட்ட தரையையும் அதன் நிழலையும் ஐ-ட்ராப்பரால் அளவெடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் (0 முழு இருட்டு, 255 முழு வெளிச்சம்) வெயிலில் 180, 170, 150 என்றும் நிழலில் 70, 75, 80 என்றும் வந்தால், சிவப்பு கர்வில் 180-ஐ 70-க்கும், பச்சையில் 170-ஐ 75-க்கும், நீலத்தில் 150-ஐ 80-க்கும் இறக்கி, நிழல் வடிவத்தை அந்த லேயரின் மாஸ்க்கில் (லேயர் எங்கே தெரிய வேண்டும் என்று காட்டுவது) வரையுங்கள். வானத்தின் நீலம் நிழலில் தானாக வந்துவிடும், தரையின் சொரசொரப்பும் போகாது. செருப்பு தரையைத் தொடும் இடத்தில் இருக்கும் மெல்லிய கரிய கோட்டைத் தனி லேயரில் சின்ன பிரஷ்ஷால் போட வேண்டும். அது விட்டுப்போனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஆள் மிதப்பார்.

ஆளைப் பிரித்தெடுக்கும் மாஸ்க் விஷயத்தில், அவருக்குப் பின்னால் பச்சைத் திரை கட்டி எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அசையாத படத்துக்குச் சாம்பல் திரை போதும். பச்சை ஒளி தோளிலும் முடியிலும் ஏறும் தொல்லை இருக்காது. போய்ச் சேரும் இடம் வெளிச்சமென்றால் வெளிர்சாம்பல், இருட்டென்றால் அடர்சாம்பல். மாஸ்க் ஓரம் பின்னணியில் அதே தூரத்தில் இருக்கும் பொருளின் ஓரத்தைவிடக் கூர்மையாக இருக்கக்கூடாது. ஃபோகஸில் இருக்கும் ஆளுக்கு அரை முதல் ஒரு பிக்சல் ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குவது) போதும்.

பலர் தாண்டிப் போவது கறுப்பு அளவு. தூரத்துக் காற்றும் லென்ஸுக்குள் சிதறும் ஒளியும் கறுப்பைத் தூக்கிவிடும். பின்னணியில் அதே தூரத்தில் ஆக இருண்ட இடம் 30 என்று காட்டும்போது ஆளின் முடி 5-இல் இருந்தால் வெட்டி ஒட்டியதுபோல்தான் தெரியும். ஆளின் மேல் கர்வ்ஸைக் கிளிப் செய்து (ஆளின் லேயரை மட்டும் பாதிக்கும்படி பூட்டி) இடது கீழ்ப்புள்ளியை 25 வரை தூக்குங்கள். மேலே தற்காலிகமாக ஒரு கறுப்பு வெள்ளை லேயர் போட்டுக்கொண்டால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். அப்போது நிறம் கண்ணை ஏமாற்றாது.

கிரெய்ன், அதாவது படம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டிய பொடிப் புள்ளிகள், கடைசி வேலை. ஒவ்வொரு படத்திலும் நாய்ஸைத் தனித்தனியே குறைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே 50 சதவீதச் சாம்பல் லேயரை ஓவர்லேயில் (நடுச்சாம்பலைக் காட்டாத கலப்பு முறை) வைத்து 2 அல்லது 3 சதவீத நாய்ஸ் சேருங்கள். நிறப் படிகள் அதிகமுள்ள 16 பிட்டிலிருந்து குறைந்த 8 பிட்டுக்குப் படத்தை இறக்கும்போது வானத்தில் பட்டை பட்டையாக விழுவதையும் இதே நாய்ஸ் பெருமளவு தடுத்துவிடும்.