மேகம் விலகும்வரை அமர்ந்திருந்தேன்

வெளியே டெக்சாஸ் வெயில் கண்ணைக் கூசவைத்தது. அந்தக் கூச்சத்தோடு ஹூஸ்டன் நகரின் ரோத்கோ தேவாலயத்துக்குள் போனவனுக்கு முதலில் எதுவும் பிடிபடவில்லை. சாம்பல் நிறத்தில் எட்டுச் சுவர்கள். அவற்றில் இருண்டு நின்ற 14 ஓவியங்கள். சிலுவையோ திருவுருவமோ கிடையாது. எந்த மதத்தவரும் வந்து அமரலாம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். இருட்டிய கருவறை முன் நிற்கும்போது மூர்த்தி மெல்ல மெல்லத்தான் கண்ணுக்குத் தெரிவார் என்பது நினைவுக்கு வந்தது. காத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். எதிர்ச் சுவரின் உள்வாங்கிய மாடத்தில் மூன்று ஓவியங்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. இருள் என்று நான் ஒதுக்கியிருந்த பரப்பில் கத்தரிப்பூ நிறம் கசிந்தது. இரு பக்கச் சுவர்களின் மும்மூன்று ஓவியங்களில் கறுப்புக் கட்டங்களைச் சுற்றி அரக்குச் சிவப்பு விளிம்பு தெரிந்தது. கூரைச் சாளரத்தின் மேல் ஒரு மேகம் வந்ததும் எல்லாம் மூடிக்கொண்டன. மேகம் விலகியதும் திரும்பி வந்தன. திரை விலக்கிக் காட்ட அங்கே அர்ச்சகர் இல்லை. வானமே அதைச் செய்தது. என்னை அறியாமல் கை கூப்பினேன்.

கலைச் சேகரிப்பாளர் தம்பதியான ஜான் டி மெனிலும் டொமினிக் டி மெனிலும் 1964-ல் இந்தப் பணியை ஓவியர் மார்க் ரோத்கோவிடம் ஒப்படைத்தார்கள். வரைந்து முடித்ததை எடுத்து வந்து மாட்டிய இடமாக எனக்கு இது தோன்றவே இல்லை. நியூயார்க்கில் தன் பட்டறைக்குள்ளேயே தேவாலயச் சுவர்களின் ஒரு பகுதியை முழு அளவில் எழுப்பி, அவற்றில் ஓவியங்களைச் சார்த்தி இடைவெளி பார்த்திருக்கிறார் அவர். பட்டறையின் கூரைச் சாளரத்துக்கு அடியில் பாராசூட் துணியைத் தொங்கவிட்டு வெளிச்சத்தைத் தணித்திருக்கிறார். கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன் உயர்ந்த கோபுரம் ஒன்றை விரும்பினார், ரோத்கோ இசையவில்லை. கடைசியில் ஜான்சன் விலகிக்கொள்ள, ஹோவர்ட் பார்ன்ஸ்டோனும் யூஜின் ஆப்ரியும் கட்டி முடித்தார்கள். ஓவியத்துக்காகக் கட்டடம் தலை தாழ்த்தியது என்றே இதைச் சொல்வேன்.

ஆனால் ஹூஸ்டனின் சூரியன் நியூயார்க்கின் சூரியனைப் போன்றதல்ல. அதைத் தன் கண்ணால் பார்த்துத் திருத்த ரோத்கோவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1970 பிப்ரவரியில் அவர் மறைந்தார். தேவாலயம் திறக்கப்பட்டது 1971 பிப்ரவரியில். சாளரத்தின் வழியே கொட்டிய வெயில் ஓவியங்களுக்கே கேடாக இருந்தது. முதலில் துணி கட்டினார்கள், பிறகு தகட்டு மறைப்பு வைத்தார்கள். வெயில் அடங்கியது, கூடவே சுவர்களும் மங்கின. 2020-ல் புதுப்பித்து மறுபடி திறந்தபோதுதான், வெளிச்சத்தைச் சுவர்களின் பக்கம் திருப்பிவிடும் புதிய சாளரம் வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் நடந்த ஒரு குடமுழுக்கு இது. வரைந்தவருக்குக் கிடைக்காத தரிசனம் எனக்குக் கிடைத்ததே என்று நெஞ்சு கனத்தது.

வெளியே நீர்த்தொட்டியில் பார்னெட் நியூமனின் 'உடைந்த தூண்' நிற்கிறது. தலைகீழான தூண் ஒன்று பிரமிடின் நுனியில் தன் நுனியை வைத்து நிற்கும் எஃகுச் சிற்பம். மார்ட்டின் லூதர் கிங் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதையும் பார்த்துவிடலாம் என்று எழுந்து வாசல் பக்கம் திரும்பினேன்.

வாசல் சுவரில் இன்னும் ஓர் ஓவியம் தனியாக இருந்தது. இவ்வளவு நேரமும் அது என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. அதே பெஞ்சில், அதைப் பார்த்தபடி, மறுபடி உட்கார்ந்தேன்.