நோட்டீஸ் ஊருக்கும் போகும்

எனக்கு நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூர், இந்துக் குடும்பம். நான் கட்டிக்கொள்ளவிருந்தவருக்குக் கன்னியாகுமரி மாவட்டம், கிறிஸ்தவர். இரண்டு பேருக்கும் வேலை கோவையில். யாரும் மதம் மாற வேண்டாம் என்று பேசி முடித்துவிட்டோம். அதனால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்தான் கல்யாணம் என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. அதில், கல்யாணம் செய்யப் போகிறோம் என்று திருமண அலுவலரிடம் முதலில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும்.

ஆனால் விசாரிக்கப் போன இடத்தில் முதலில் சொன்னதே வேறு வழி. "எதுக்குங்க ஒரு மாசம் காத்துக்கிட்டு? மதம் மாறினதா ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கலாம், கோயில்ல மாலை மாத்திக்குங்க, இந்து திருமணச் சட்டத்துல சீக்கிரமா முடிச்சுக்கலாமுங்க" என்றார் ஓர் இடைத்தரகர். நான் கட்டிக்கொள்ளவிருந்தவரோ ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர். காகிதத்தில்தானே என்று சொல்லி அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் காத்திருப்பது பெரிய விஷயம் இல்லை என்று வெளியே வந்துவிட்டோம்.

நோட்டீஸ் கொடுக்க, இரண்டு பேரில் ஒருவராவது அந்த அலுவலக எல்லைக்குள் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். என் ஆதாரில் ஊர் முகவரிதான் இருந்தது. வாடகை ஒப்பந்தமும் கம்பெனிக் கடிதமும் காட்டினேன். ஏற்றுக்கொண்டார்கள். அவருக்குத்தான் இழுத்தது. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு மேசையில் பரப்பி, இனிஷியலை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். எங்களுக்கு ஒன்பது நாள் இதிலேயே போனது.

நோட்டீஸ் படிவம் சின்னதுதான். பெயர், வயது, தொழில், இப்போது குடியிருக்கும் இடம், எத்தனை நாளாகக் குடியிருப்பு. நடுவில் ஒரு கட்டம்: இப்போதைய முகவரி நிரந்தரமானது இல்லையென்றால் நிரந்தர முகவரி. அதில் எங்கள் வீட்டுக் கதவு எண், தெரு, ஊர் எல்லாம் எழுதினேன். எழுதும்போது ஒன்றும் உறைக்கவில்லை. சட்டத்தின் 6-ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், நோட்டீஸ் கொடுத்த அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் அதை ஒட்ட வேண்டும். கொடுத்தவர் வேறு மாவட்டத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்றால், அந்த ஊர்த் திருமண அலுவலருக்கும் ஒரு நகல் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். கோவையில் யாருக்கும் நம்மைத் தெரியாது என்ற நிம்மதியில் இருந்தேன். ஆனால் நகல் போவது எங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு. அதன் வாசலில் இருக்கும் பத்திர எழுத்தர்கள் எல்லோருக்கும் அப்பாவைத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் அம்மா போன் செய்தாள். "ஏட்டி, ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஒம் பேரு ஒட்டிருக்குன்னு சொல்லுதாவ. நெசமா?" நான் ஆமாம் என்றேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். இந்தக் கதையில் நான் செய்த தவறு இது ஒன்றுதான். சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொண்டிருக்கக் கூடாது.

வீட்டில் சொல்வதே ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லவில்லை. அவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுத்தான் நோட்டீஸில் கையெழுத்துப் போட வேண்டும். இப்படி மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நோட்டீஸ் ஒட்டுவதையே ஜோடியின் விருப்பத்துக்கு விடலாம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. நாங்கள் போன அலுவலகத்தில் அந்தப் பேச்சுக்கு இடம் இல்லை. நானும் அவரும் சேர்ந்து வாழ்வதற்கு எங்கள் முகவரியை ஊர் பார்க்க வேண்டிய அவசியம் என்ன என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம் சித்தப்பா வந்தார், ராத்திரி பஸ் ஏறி கோவைக்கு, கையில் ஆட்சேப மனுவோடு. "குடும்பத்தாருக்குச் சம்மதம் இல்லை" என்று எழுதியிருந்தாராம். திருமண அலுவலர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, 4-ஆம் பிரிவைப் படித்துக் காட்டியிருக்கிறார். இருவரில் யாருக்காவது உயிரோடு கணவனோ மனைவியோ இருக்கிறார்களா, சம்மதம் தரும் மனநிலை இருக்கிறதா, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்ததா, மணமுடிக்கக் கூடாத உறவு முறையா. ஆட்சேபம் இவற்றில்தான் எழுப்ப முடியும். குடும்பத்தின் சம்மதம் அந்தப் பட்டியலில் இல்லை. சித்தப்பா மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது எனக்குப் போன் செய்து, இந்தச் சட்டத்தில் கட்டினால் சொத்து போய்விடும் என்றார். வழக்கறிஞரிடம் கேட்டேன். கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகச் சட்டம் கருதும், அவ்வளவுதான். இருக்கும் உரிமை அழியாது என்றார்.

30 நாள் கழிந்தால் உடனே செய்யலாம். ஆனால் நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

சித்திரையில் ஒரு புதன்கிழமை. சாட்சிகள் மூன்று பேர்: அவருடைய அக்கா, என் அறைத்தோழிகள் இரண்டு பேர். ஐந்து பேரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நமக்குப் புரிகிற எந்த மொழியிலும் சொல்லலாம். "உங்களை என் சட்டப்படியான கணவராக ஏற்றுக்கொள்கிறேன்" என்று அவர் முழுப்பெயரையும் சேர்த்துத் தமிழில் சொன்னேன். அலுவலரும் சாட்சிகளும் கேட்க இதைச் சொன்னால்தான் கல்யாணம் நிறைவாகும். எனக்குக் குரல் நடுங்கியது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சான்றிதழில் பெயர்களை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அவர் இனிஷியல் சரியாக இருந்தது.

ஐப்பசியில் ரேஷன் கார்டு போடலாம் என்று உட்கார்ந்தோம். புதுக் கார்டுக்கு முன்னால் அப்பா வீட்டுக் கார்டிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், திருமணச் சான்றிதழை ஏற்றினால் போதும். ஆனால் உள்ளே நுழைய ஓடிபி வேண்டும். அது கார்டில் பதிந்திருக்கும் எண்ணுக்குத்தான் போகும், அப்பாவின் எண்ணுக்கு.

அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். போனில் சத்தம் இல்லை. பிறகு யாரோ கண்ணாடி எடுத்து மாட்டும் சத்தம். ஆறு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் குரல். எண்களை ஒவ்வொன்றாக, நான் எழுதிக்கொள்வதற்கு நேரம் விட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் அடித்து முடிக்கும்வரை வைக்காமல் காத்திருந்து, "வந்துட்டா?" என்று கேட்டார்.